பாதி கரண்ட் மிச்சமா? போடி முதலாளிகளே, உஷார்!

போடிநாயக்கனூர்:- கரண்ட் பில் என்றாலே நூல் மில் முதலாளிக்கும் சரி, ஏலக்காய் ஸ்டோர்காரருக்கும் சரி, வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கலக்கத்தை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது.

"மோட்டாரோட இந்தப் பெட்டியை மாட்டுங்க முதலாளி! பாதி கரண்ட் மிச்சம். ஒரே வருஷத்துல போட்ட பணம் கையில!"

விற்க வருகிறவர் பாடும் பாட்டு இது. பெட்டிக்குப் பெயர் 'டிரைவ்'. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. கருவி நல்ல கருவிதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் "பாதி மிச்சம்" என்ற கணக்கு எல்லா மோட்டாருக்கும் பொருந்துமா? பொருந்தவே பொருந்தாது!

பாதி வந்த கதை

அந்தக் கணக்கு பொய்க் கணக்கு அல்ல. ஃபேன், புளோயர் போன்றவற்றின் வேகத்தை 100-லிருந்து 80 ஆகக் குறைத்தால் காற்றும் 80 ஆகக் குறையும். ஆனால் இழுக்கும் மின்சாரம் 80 அல்ல. 80 சதவீதத்தில் 80 சதவீதம், அதிலும் 80 சதவீதம். அதாவது சுமார் 51 தான். பாதி மிச்சம் என்பது இங்கிருந்து வந்தது.

நூல் அறுந்து போகாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று அடிக்கிறார்களே, அந்த ஃபேனுக்கு இது பொருந்தும். ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரின் புளோயருக்கும் ஓரளவு பொருந்தும். மாவு மில், கன்வேயர் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அங்கே வேகம் குறைந்தால் மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவுதான் குறையும். வேலையும் கூடவே குறையும்.

மலை ஏறும் தண்ணி

போடி மலைச்சரிவுக்கு வருவோம். கொட்டகுடி, குரங்கணி பக்கம் தோட்டத்துக்குத் தண்ணி ஏற்றும் பம்பு இருக்கிறது என்று வையுங்கள். ஏற வேண்டிய உயரம் 100 மீட்டர். பம்பு முழு வேகத்தில் அதிகபட்சம் 130 மீட்டர் வரை தள்ளும்.

வேகத்தை 90 சதவீதமாகக் குறைத்தால், தள்ளும் உயரம் 105 மீட்டர் ஆகிவிடும். தண்ணி சொட்டுச் சொட்டாக வரும். 85 சதவீதமாக்கினால் 94 மீட்டர்தான். மோட்டார் சுற்றும். மின்சாரம் இழுக்கும். மேலே ஒரு சொட்டுத் தண்ணி வராது!

1000 லிட்டர் தண்ணியை 100 மீட்டர் ஏற்ற, எந்த நஷ்டமும் இல்லாவிட்டாலும் 0.27 யூனிட் வேண்டும். இது இயற்கையின் கணக்கு. எந்தக் கம்பெனிப் பெட்டியாலும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே மலை பம்புக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆயிரம் லிட்டருக்கு முன்பு எத்தனை யூனிட்? இப்போது எத்தனை?

2 லட்சமா, 24 ஆயிரமா?

10 குதிரை சக்தி ஃபேன் ஒன்றை உதாரணத்துக்கு எடுப்போம். விற்பவர் கணக்கு இப்படி: மோட்டார் 7.5 கிலோவாட். பாதி மிச்சம் 3.75. நாளுக்கு 24 மணி நேரம், வருஷம் 365 நாள். 32,850 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2 லட்சத்து 62 ஆயிரத்து 800 ரூபாய் மிச்சம்!

கேட்கவே இனிக்கிறது. ஆனால் பெயர்ப் பலகையில் 10 குதிரை சக்தி என்று இருந்தால் மோட்டார் எப்போதும் அவ்வளவு இழுக்கிறது என்று அர்த்தம் இல்லை. காற்றைக் குறைக்க ஏற்கனவே தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அந்த நிலையில் அது 6 கிலோவாட் இழுக்கிறது என்று அளந்து தெரிந்தது என வையுங்கள். டிரைவ் போட்டு, அதே காற்றுக்கு, பெட்டியின் சொந்த நஷ்டமும் சேர்த்து 4 கிலோவாட். மிச்சம் 2 கிலோவாட்தான்.

மில் வருஷத்துக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 12,000 யூனிட். 96 ஆயிரம் ரூபாய். சின்னத் தொகை அல்ல. ஆனால் இரண்டரை லட்சமும் அல்ல.

அதே அளவு புளோயர் ஏலக்காய் ஸ்டோரில் சீசனுக்கு மட்டும் 1,500 மணி நேரம் ஓடினால்? 3,000 யூனிட். 24 ஆயிரம் ரூபாய்! அதிலும் காற்று குறைந்து, ஈரம் சரியாகப் போகாமல் காயின் பச்சை மங்கினால், வாசனைப் பொருள் வாரிய ஏலத்தில் விலை இறங்கிவிடும். மிச்சம் பிடித்ததற்கு மேல் அங்கே போய்விடும்.

ஆம்பியர் வித்தை

இன்னொரு வித்தையும் உண்டு. டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி, "முன்னாடி 12 ஆம்பியர், இப்ப பாருங்க 6 ஆம்பியர்" என்று காட்டுவார்கள். லேசான பளுவில் ஓடும் மோட்டாரில் ஆம்பியரின் பெரும்பகுதி காந்தம் உண்டாக்கப் போகிறது. அது யூனிட்டில் ஏறாது. டிரைவ் போட்டதும் அந்தப் பகுதி வெளி லைனில் தெரியாமல் போகும். ஆம்பியர் பாதியானால் யூனிட்டும் பாதியாகிவிடாது. யூனிட் மீட்டர் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சித்திரை வெயிலில் 'முன்பு' அளந்து, ஐப்பசி மழையில் 'பின்பு' அளப்பதும் ஏமாற்றுத்தான். மழைக்காலத்தில் ஈரக்காற்று குறைவாகத்தான் தேவை. மழை செய்த மிச்சத்தைப் பெட்டியின் தலையில் கட்டக் கூடாது.

புல்லி போதுமே!

வருஷம் முழுக்க ஃபேன் ஒரே குறைந்த வேகத்தில் ஓடினால் போதும் என்றால் டிரைவே எதற்கு? பெல்ட் ஃபேனாக இருந்தால் புல்லியை மாற்றினாலே வேகம் குறையும். மிச்சமும் ஏறக்குறைய அதேதான். செலவு பெட்டி விலையில் ஒரு சிறு பங்கு. தேவை நேரத்துக்கு நேரம் மாறுகிற இடத்தில்தான் டிரைவுக்கு வேலை. எப்போதும் முழு வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு மாட்டினால், பெட்டி தின்னும் மின்சாரம்தான் கூடுதல் செலவு.

என்ன செய்யலாம்?

அளக்க ஆள் இல்லாமல் இல்லை. 2001-ம் ஆண்டு எரிசக்தி சிக்கனச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் தேர்வில் தேறிய தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நூல் மில்களுக்குக் கோவையில் 'சிட்ரா' ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விற்கிறவரே அளப்பதைவிட, விற்காதவர் அளப்பது நல்லது.

முதலாளிகள் மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, வாங்கும் முன் ஒரு வாரம் மீட்டர் வைத்து யூனிட், ஓடிய மணி, உற்பத்தி மூன்றையும் எழுத வேண்டும். இரண்டு, எத்தனை யூனிட் குறையும் என்பதை ஆர்டர் தாளில் எழுதி வாங்க வேண்டும். மூன்று, விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மாட்டிய பிறகு அதே மாதிரி அளந்து, சொன்னது சரியாக இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும்.

நல்ல சரக்கு விற்கிறவர் இதற்குப் பயப்பட மாட்டார். எழுதித் தர மறுக்கிறவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். பாங்கியில் கடன் வாங்கி மாட்டிய பெட்டி சொன்னபடி மிச்சம் காட்டாவிட்டாலும் தவணை நிற்காது. அந்தச் சுமை மில்லில் கூலி வாங்குகிறவர் தலையிலும், பஜாரில் கடை வைத்திருப்பவர் தலையிலும்தான் விடியும்.