நின்ற நேரம் எந்தக் கணக்கில்?

தியானப் பகுதி: லூக்கா 10:30-37



ஞாயிறு விடியற்காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையிலும் மிதிவண்டிக் குழுக்கள் விரைவதைக் காண்கிறோம். ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஜிபிஎஸ் கருவி. தூரம், வேகம், ஏற்றம், இதயத்துடிப்பு யாவும் அதில் பதிவாகின்றன. வீடு திரும்புமுன் அவை ஸ்ட்ராவாவில் ஏறிவிடுகின்றன, பாராட்டுகள் குவிகின்றன. நம் சபையின் வாலிபர் பலரும் அக்குழுக்களில் உண்டு. உடற்பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. ஆராதனைக்குத் தாமதமாக வருகிறார்கள் என்ற வழக்கமான புகாரும் இன்றைய பொருள் அன்று. என் வழக்கு அந்தக் கருவியின் கணக்குமுறையோடு.

“கருவி எண்ணுகிறது, எண் பொய் சொல்லாது, இதில் என்ன தவறு?” என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணுவது தவறன்று. மக்களை எண்ணும்படி தேவனே மோசேக்குக் கட்டளையிட்டார். ஆடுகளை எண்ணாத மேய்ப்பன் ஒன்று காணாமற்போனதை அறியவே மாட்டான். ஆனால் தாவீதும் எண்ணினான். யோவாப் 9 மாதமும் 20 நாளும் தேசமெங்கும் சுற்றித் திரிந்து, இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் போர்வீரர் என்று தொகை கொண்டுவந்தான். தொகை கைக்கு வந்த பின்போ ராஜாவின் மனச்சாட்சி அவனைக் குத்திற்று. மேய்ப்பன் தொலைந்ததைத் தேடுவதற்காக எண்ணினான். ராஜா தன் பலத்தைக் கண்டு மகிழ்வதற்காக எண்ணினான். ஆகவே எண்ணலாமா என்பது கேள்வியன்று. எதற்காக எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதே கேள்வி.

அந்தக் கருவி எதை விட்டுவிடுகிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைக் கொண்டு அது நம் இடத்தைக் கண்டறிகிறது. நாம் நின்றுவிட்டால், ‘ஆட்டோ பாஸ்’ என்னும் வசதி கடிகாரத்தையும் நிறுத்திவிடுகிறது. நின்ற நேரம் சராசரி வேகத்தில் சேராது.  ஆனால் ஸ்ட்ராவாவில் ‘செக்மென்ட்’ எனப்படும் போட்டித் துண்டுகளில் கடிகாரம் நிற்பதில்லை. அங்கே நின்றவன் தரவரிசையில் பின்தங்குகிறான். ஒரு கணக்கில் நிற்பது அழிக்கப்படுகிறது. மற்றொன்றில் அது நஷ்டமாகிறது. எந்தக் கணக்கிலும் அது ஆதாயமாவதில்லை.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலையில் மிதிவண்டியில் இறங்கிய ஒருவர் காரோடு மோதி மாண்டார். அந்த இறக்கத்தில் பறிபோன தம் முதலிடத்தை மீட்கவே அவர் விரைந்தார் என்று குடும்பத்தார் 2012-ல் ஸ்ட்ராவாமேல் வழக்குத் தொடுத்தார்கள். ஓட்டுபவரே அபாயத்தை ஏற்றுக்கொள்கிறார் என்ற கொள்கையின்படி 2013-ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். அப்படியானால் பொறுப்பு முழுவதும் நம் தலைமேல் அல்லவா வருகிறது?

இப்போது எரிகோ சாலைக்கு வாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,000 மீட்டர் இறக்கம். வேகத்துக்கு ஏற்ற சாலை. அதில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். அவர்களுடைய சராசரி குறையவில்லை. சமாரியனோ நின்றான், காயங்கட்டினான், தன் வாகனத்தை அடிபட்டவனுக்குக் கொடுத்தான், சத்திரத்தில் இரவு தங்கினான். நம் கருவியின் கணக்கில் அந்த மூவரில் தோற்றவன் அவன் ஒருவனே. இயேசுவோ அவனைக் காட்டி, நீயும் அப்படியே செய் என்கிறார்.

தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் சகோதரருக்கு இது புதிதன்று. டொயோட்டா உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஆன்டன் கயிற்றை நீங்கள் அறிவீர்கள். குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து உதவி கோரலாம். தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். நொடிக்கணக்கில் உழைப்பை அளக்கும் அந்த உலகமே, தக்க நேரத்தில் நிற்பது நஷ்டமன்று என்று ஒப்புக்கொள்கிறது. ஓய்வுக்காக ஓட்டும் மிதிவண்டியில் நாம் ஏன் அதைவிடக் கடினமான எஜமானைத் தேடிக்கொள்கிறோம்?

அதே சாலையின் ஓரத்தைப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பின்விளக்கில்லாத பழைய சைக்கிளில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அறைக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி, நம் வேகத்தில் ஒரு நிழலாகப் பின்னால் போய்விடுகிறார். அவர் ஓட்டும் தூரத்தை எந்தச் செயலியும் பாராட்டுவதில்லை. சங்கிலி கழன்று அவர் நின்றால், நமக்கு அருகே நிற்க மனமுண்டா?

கருவியால் நன்மையும் உண்டு. விபத்து நேர்ந்தால் இருக்குமிடத்தை வீட்டாருக்கு அது அறிவிக்கும். அதற்காக வைத்திருங்கள், அது மேய்ப்பனின் கணக்கு. தரவரிசையிலிருந்தோ விலகிவிடுங்கள். பையில் ஒரு சிவப்புப் பின்விளக்கைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். தேவையுள்ள ஒருவரைக் கண்டால் நின்று அவர் வண்டியில் பொருத்திக் கொடுங்கள். தயவுசெய்து அதைப் படமெடுத்து ஏற்றாதிருங்கள். அந்தரங்கத்தில் பார்க்கிறவருக்கு நம் பதிவேற்றம் தேவையில்லை.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் நாட்களை எண்ண அறிந்தவரே, எங்கள் வேகத்தைக் குறித்த பெருமையை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும் கிருபையைத் தாரும். ஆமென்.