பழைய யந்திரத்தை எடைக்குப் போடலாமா?

சோழபுரம் பக்கத்து அங்கத்தினர் ஒருவருடைய தோப்பு வீட்டுக் கொட்டகையில், லிஸ்டர் கம்பெனியின் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று நெடுநாளாக ஓடாமல் கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் அதற்கு எடை விலை பேசிவிட்டார். அதனை விட்டுவிடுவதா, சங்கமே வாங்கிச் செப்பனிட்டு நூல் கிடங்கில் நிறுத்துவதா என்று பஞ்சாயத்தார் என்னைக் கேட்டனர். இதே கேள்வி வேறு சங்கங்களிலும் எழக்கூடுமாதலால் என் அபிப்பிராயத்தை இங்கு எழுதுகிறேன். எடைக்குப் போட வேண்டாம். ஆனால், எதை முதலில் செப்பனிடுவது என்பதில் பஞ்சாயத்தாருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை உண்டு.

இந்த ரகத்துக்கு ‘ஸ்டார்ட்டோமாட்டிக்’ என்று பெயர். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் 1867இல் தோன்றிய லிஸ்டர் கம்பெனி, மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கென்று இதனைச் செய்தது. வீட்டில் ஒரு விளக்கின் ஸ்விட்சைப் போட்டால், பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் அந்த விளக்கின் வழியே பாய்ந்து ஒரு ரிலேயை இழுக்கும். உடனே ஜெனரேட்டரே மோட்டாராக மாறி எஞ்சினைச் சுழற்றும். வேகம் பிடித்ததும் எஞ்சின் எண்ணெயில் ஓடத் தொடங்கும். விளக்கு முழு ஒளி பெறும். கடைசி விளக்கை அணைத்தால் எஞ்சினும் தானே நிற்கும். நம் பகுதியிலும், பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய பின்னர்கூடத் தோட்டங்களுக்குக் கம்பி வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் இத்தகைய யந்திரம் இருந்த வீட்டை ஊரார் வியந்து பார்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

பஞ்சாயத்தாரின் மனத்தைக் கவர்ந்ததும் இந்தத் தானியங்கும் வித்தையே. “முதலில் அதைச் சரிசெய்துவிட்டால் பொதுக்குழுவில் காட்டலாம்” என்றார் ஒருவர். நான் இதற்கு உடன்படவில்லை. தானே புறப்படும் யந்திரத்துக்கு, எதிரில் நிற்பவன் யாரென்று தெரியாது. கொட்டகையில் பிட்டர் சக்கரத்தின்மேல் கை வைத்திருக்கும்போது, வீட்டுக்குள் ஒரு குழந்தை விளக்கைப் போட்டால் போதும். ஆகவே பாட்டரிக் கம்பிகளைக் கழற்றி வேறோர் அறையில் பூட்டி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், இரண்டு கனத்த சக்கரங்கள், நிமிஷத்துக்கு 650 சுற்று, 6 குதிரை சக்தி: இவ்வளவுதான் இதன் ஜாதகம். மெதுவாக ஓடுவதாலேயே நீண்ட நாள் உழைக்கிறது. குளிர்விக்கப் பம்பு வேண்டியதில்லை. சூடான நீர் மேலேறித் தொட்டிக்குச் செல்ல, குளிர்ந்த நீர் தானே கீழிறங்கி வரும். இதே மாதிரியில் ராஜ்கோட் பட்டறைகள் நெடுங்காலமாக எஞ்சின்கள் செய்து வருவதால் ரிங், நாஸில், பேரிங் முதலியவை கிடைக்கும். ஆனால் அளந்து பார்த்தே வாங்க வேண்டும். பழைய புகைக்குழாயின்மேல் சுற்றிய கயிற்றில் கல்நார் இருக்கக்கூடும்; அதனை உலர்ந்த நிலையில் பிய்க்கலாகாது. சிலிண்டர் பிளாக்கில் வெடிப்போ, கிராங்க் தண்டில் மிகுந்த தேய்மானமோ கண்டால் என் அபிப்பிராயத்தையும் மாற்றிக்கொள்வேன். அப்போது இரும்புக் கடைக்காரரே சரி.

அடுத்தது மின்சாரப் பகுதி. மழைக் காற்றில் கிடந்த சுருள்களை மெக்கர் வைத்துச் சோதிக்காமல் ஓட்டினால், எஞ்சினுக்குச் செய்த செலவும் ஒரே நாளில் புகையாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பின் ஒரு பருவமாவது ஹேண்டில் போட்டுக் கையாலேயே ஓட்ட வேண்டும். தானியங்கும் பகுதி கடைசியில் வரட்டும். அச்சம் மட்டும் இதற்குக் காரணமன்று. வேறு மின்சாரமே இல்லாத வீட்டுக்கென்று வகுத்த அமைப்பு இது. மின்வாரியக் கம்பி வந்திருக்கும் கிடங்கில் அப்படியே இணைத்தால், நம் மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரையே வாங்கும். இரண்டையும் ஒருசேர இணைக்கவே முடியாத சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். விளக்குகளுக்குத் தனி வயரிங் இருப்பின் இன்னும் நல்லது. இன்றைய எல்.இ.டி. விளக்குகளோ பழைய ரிலேயை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. அதை எழுப்ப இழை பல்பு ஒன்றைத் தேடி மாட்ட வேண்டியிருக்கும்!

வரவு செலவையும் பார்ப்போம். இதிலிருந்து மூன்று கிலோவாட் அளவுக்கே எதிர்பார்க்கலாம். தறி மோட்டார் புறப்படும்போது ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகையால் விசைத்தறிகளை இதனை நம்பி நிறுத்த வேண்டாம். கிடங்கு விளக்கு, விசிறி, நெசவாளர் வீட்டுத் தறிமேல் எரியும் விளக்குகள் ஆகியவற்றுக்குப் போதும். ஒரே விளக்குக்காக ஆறு குதிரைகளைப் பூட்டுவது எண்ணெய்க்கு நஷ்டம். சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சினில் கரியும் படியும். 2012இல் பகலும் இரவும் மின்வெட்டில் தறிமுன் காத்திருந்தவர்களுக்கு, கைவசம் ஒரு யந்திரம் இருப்பதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

விலைக்கு என் யோசனை இது. அங்கத்தினருக்கு இப்போது எடை விலையைக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடிய பிறகு மிகுதியைத் தீர்மானிக்கலாம். செப்பனிடும் செலவுக்கு மதிப்பீடு வாங்கி, தனித் தலைப்பில் எழுதி, பொதுக்குழுவின் அனுமதி பெற்ற பின்னரே நட்டைக் கழற்றுங்கள். கடைக்காரரிடம் அங்கத்தினர் முன்பணம் வாங்கியிருந்தால் அதனை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுவது நலம்.