வலிப்பு வந்தால் போனை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தேவைப்படும்.

அண்மையில் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண்பிள்ளை வலிப்பு வந்து கிடக்கிறாள். ஒருவர் திறப்புக் கோர்வையைக் கைக்குள் திணிக்கிறார். இன்னொருவர் வாய்க்குள் வைக்கக் கரண்டி கேட்கிறார். விலகிய உடுப்பைச் சரிசெய்ய ஒருவரும் குனியவில்லை. மூன்று நான்கு போன்கள் மட்டும் படம் பிடிக்கின்றன. கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப்பேர் "ஜின்" என்று முடிவே கட்டிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வலிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நமது மூளையின் நரம்புக் கலங்கள் சிறிய மின் சமிக்ஞைகளால்தான் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. ஒரு தொகுதிக் கலங்கள் திடீரெனக் கட்டுப்பாடில்லாமல் ஒன்றாக இயங்கும்போது வருவதுதான் வலிப்பு. அது தொற்றாது. வாயில் வரும் நுரை பட்டாலும் தொற்றாது. ஒருமுறை வலிப்பு வந்த எல்லோருக்கும் வலிப்பு நோய் என்றும் சொல்ல முடியாது. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலோடு வரும் வலிப்பு, பெரும்பாலும் வயது ஏற ஏற இல்லாமல் போய்விடும். தகுந்த காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதை வலிப்பு நோய் என்பார்கள்.

உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து எடுத்தால் 70 சதவீதம் வரையானோர் வலிப்பு வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நமக்கு வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதறுவது மட்டும்தான் தெரியும். அது ஒரு வகை. மற்றவையும் இருக்கின்றன.

வெறித்த பார்வை வலிப்பு: பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வரும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை நடுவில் நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் நிற்கும், சிலநேரம் இமை துடிக்கும். பத்து விநாடி போல் கழித்து எதுவும் நடக்காதது போல் தொடரும். ஒரு நாளில் பல தடவை வரலாம். சொல்வதெழுதுதலில் நடுநடுவே சொற்களை விடும் பிள்ளையை "கவனம் இல்லை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். ஆசிரிய நண்பர்களே, கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

திடீர்த் துள்ளல்: காலையில் எழும்பியதும் கை சட்டென்று உதறும், தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து பறக்கும். பதின்ம வயதில் தொடங்குவது அதிகம். பரீட்சைக்காக இரவு விழித்திருந்தால் கூடும்.

திடீர்த் தளர்ச்சி: உடலின் பலம் ஒரு நொடியில் போய், நின்ற இடத்திலேயே பிள்ளை விழும். தலையில் அடிபடும் அபாயம் அதிகம்.

ஒரு பகுதி வலிப்பு: மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது. ஒரு கை மட்டும் துடிக்கலாம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல் இருக்கலாம். இல்லாத மணம் வரும், காரணமில்லாமல் பயம் வரும். சிலர் வாயை மென்றுகொண்டு, உடுப்பைப் பிசைந்துகொண்டு, கூப்பிட்டாலும் கேட்காமல் இருப்பார்கள். முடிந்த பிறகு குழப்பத்தில் பெற்ற உம்மாவையே தள்ளிவிடுவதும் உண்டு.

இந்தக் கடைசி வகையை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். யாருக்கும் வராத மணம், திடீர்ப் பயம், ஆளைத் தெரியாமல் தள்ளுவது. நம் ஊரில் "ஜின் பிடித்துவிட்டது" என்பதற்குச் சொல்லும் அடையாளங்கள் இவைதானே? இதனால்தான் பல பிள்ளைகள் கிளினிக்குக்குப் போகும் முன் மாதக்கணக்கில் தாயத்தோடும் தண்ணீர்ப் போத்தலோடும் அலைகிறார்கள்.

ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. துஆ நமது பலம். ஆனால் ஓதுபவர் யாராவது "குளிசையை நிப்பாட்டுங்கோ" என்றால் அந்த இடத்திலிருந்து எழுந்து வாருங்கள். குளிசையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்தப் பெண்ணின் செய்தியை உலமாக்கள் ஜும்ஆவில் சொல்லவேண்டும். வலிப்பால் அவதிப்பட்ட அவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்தார். பொறுமைக்குச் சுவர்க்கம் என்ற நற்செய்தியைப் பெற்ற பிறகும் அவர் துஆச் செய்யக் கேட்டது, வலிப்பின்போது தன் உடல் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. அவருடைய கவலை மானத்தைப் பற்றியது. நாமோ அந்த நிலையில் ஒரு பிள்ளையைப் படம் பிடித்துப் பகிர்கிறோம்.

டொக்டருக்குக் காட்டக் குடும்பத்தார் எடுக்கும் வீடியோ வேறு. எந்த வகை வலிப்பு என்று தீர்மானிக்க அது உண்மையில் உதவும். ஒரு வகைக்குக் கொடுக்கும் மருந்து இன்னொரு வகையைக் கூட்டிவிடவும் கூடும். ஆகவே வகையைக் கண்டுபிடிப்பது முக்கியம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குளிசையை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கைகால் உதறும் வலிப்பு வந்தால் செய்யவேண்டியவை:

1. நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். திறப்பு கொடுத்ததால் நின்றது என்று நினைப்பதும் இதனால்தான்.
2. சுற்றியுள்ள கூரான, சூடான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே மெதுவான எதையாவது வையுங்கள். கழுத்தை இறுக்கும் ஊசி, பொத்தானைத் தளர்த்துங்கள்.
3. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். நாக்கை விழுங்க முடியாது. ஆனால் கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைபடும். தண்ணீரும் வேண்டாம்.
4. கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.
5. உதறல் நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள். உடலை மூடிவிட்டுக் கூட்டத்தைக் கலையுங்கள். முழு நினைவு வரும்வரை பக்கத்தில் இருங்கள்.
6. 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு வராமல் அடுத்தது வந்தால், அடிபட்டிருந்தால், தண்ணீருக்குள் வந்தால், முதல் தடவை என்றால், கர்ப்பிணி என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு மறைக்காதீர்கள். ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. "நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் டீச்சர்" என்று ஒரு உம்மா என்னிடமே சொன்னார். ஆனால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், வலிப்பு வரும் நாளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது திறப்பும் கரண்டியும்தான். மறைத்துச் செய்யும் திருமணத்தின் கதையும் இதுதான். மாமி வீட்டில் குளிசை போட ஒளிவிடம் இருக்காது, ஒரு வேளை தவறும், பிறகு நின்றுவிடும். சோடியம் வல்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கலாம். திருமணத்துக்கு முன்பே டொக்டரிடம் சொன்னால் பொருத்தமான மருந்துக்கு மாற்ற வழி இருக்கிறது. வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானோர் சுகமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். மணமகன் வீட்டாரே, உங்கள் மகனுக்கு நீரிழிவு இருந்தால் பெண் கிடைக்கிறது. இதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

நோன்பு பற்றியும் கேட்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். குளிசை நேரம் மாறுவதும் ஸஹருக்காகத் தூக்கம் குறைவதும் வலிப்பைத் தூண்டக்கூடும். ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றவேண்டாம். கிணற்றிலும் கடலிலும் பிள்ளையைத் தனியே குளிக்க விடாதீர்கள். மற்றபடி அந்தப் பிள்ளை படிக்கட்டும், விளையாடட்டும், மேடையேறட்டும். அரச வைத்தியசாலைகளில் வைத்தியமும் மருந்தும் இலவசம். சங்கடம் பார்த்து வீட்டுக்குள் வைத்திருப்பதற்குத்தான் விலை அதிகம்.

அதிபர்மாருக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் ஒரு கோரிக்கை. மேலே உள்ள ஆறு விடயங்களை ஒரு தாளில் அச்சடித்து ஆசிரியர் அறையிலும் மத்ரஸாவிலும் ஒட்டுங்கள். ஆகும் செலவு ஒரு தாள். அடுத்த முறை நம் ஊரில் ஒரு பிள்ளை விழும்போது, பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கட்டும்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. பகிர்ந்துகொள்ளுங்கள்.