செடிகொடி படித்து என்ன செய்வான்?

ஆடித்தபசு பார்க்க வந்த தங்கை மகள் கண்ணைக் கசக்கினாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல சேருன்னா, சூழலியல் படிக்கணுங்கான். செடிகொடி படிச்சு என்ன செய்வான்?"

நான் பையன் பக்கம் சேர்ந்துகொண்டேன். அவளுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.

நான் அப்படிச் செய்ததற்குக் காரணம், சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடு பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று பழி போட்டார்கள். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சூழலியலாளர் வி. செல்வமும் அவருடன் இருந்தவர்களும் சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் காலந்தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததில் ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, தரை தட்டுப்போலக் குழிந்துவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறிக் கன்றுகள் செத்தன. எத்தனை கன்று நட்டாலும் அங்கே பிழைக்காது. ஆகவே மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் போய்வர வழி செய்தார்கள். காடு திரும்பியது. பழி சுமந்த ஊர்க்காரர்களே அந்த வேலையில் கூட நின்றார்கள். இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியவர்களில் செல்வமும் ஒருவர். கரையின் மேடும் தூரமும்தான் காத்தன என்று வாதிட்டவர்களும் உண்டு. இருக்கட்டும். புயலும் கடல் ஏறுவதும் கூடிவரும் நாளில், செடியைப் படித்தவருக்குக் கரையோர ஊரைக் காக்கிற வேலை வந்து சேர்ந்தது.

நம் கரிசலுக்குக் கடல் இல்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நமக்கு வெறும் காற்றுதான்; ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கிறோம். அந்த மழையும் இப்போது முறை தப்புகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே! ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளம் பெருகும் வழி எங்கே அடைந்திருக்கிறது என்று நடந்து பார்க்க ஆள் வேண்டாமா? இங்கே நடப்பதோ, கன்று நட்டுப் போட்டோ எடுப்பது. மறுவருசம் அதே குழியில் வேறு கன்று.

மணிமுத்தாறில் ஏட்ரீ அமைப்பின் மையம் இருக்கிறது. 2011 முதல் நம் பக்கத்துக் குளங்களில் தன்னார்வலர்களோடு நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். வருசா வருசம் ஒரே குளத்தை எண்ணினால்தான் அங்கே என்ன மாறுகிறது என்று பிடிபடும்.

சம்பளம்? அங்கேதான் தங்கை மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். 2022-ல் அரசு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியிருக்கிறது. அதில் இந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கொடுத்தால் என்ன?

பையனை வரும் ஜனவரியில் பறவை எண்ண அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலையில் எழுந்திருக்கிறானா, பார்க்கலாம்.