புதிய சிறுநீரகம் யாருக்கு?

என் பெரியப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிகிச்சை இலவசம்தான். அன்றைய கூலி? அது போச்சு.

கலிபோர்னியாவில் ஷுவோ ராய் குழு, சிலிக்கான் தகட்டில் நானோ துளைகளிட்டு இரத்தத்தை வடிகட்டும் கருவியை உருவாக்கி வருகிறது. பம்பு வேண்டாம், இதயத்தின் அழுத்தமே போதும். உடலுக்குள் பொருத்துவதுதான் இலக்கு. படித்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான் தோழர்களே. ஆனால் சாக்கடை அடைப்பெடுக்க இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்கினால் குற்றமென்று 2013இல் சட்டமும் வந்தது. இன்னும் எங்கள் ஆட்கள்தானே இறங்குகிறார்கள்?

இதய ஸ்டென்ட்டுக்கு 2017இல் அரசு உச்சவிலை வைத்தது. இதற்கும் வைக்கட்டும், அரசு மருத்துவமனைக்கு முதலில் வரட்டும். அதுவரை ஓர் அரசாணையாவது போடுங்கள்: டயாலிசிஸ் நாளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் விடுப்பு.