கத்திக்கு முன்னே ஊசி

கொடைக்கானல் மலையின் செண்பகனூரில் எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே குடியிருந்து, பூண்டு கட்டும் வேலைக்குப் போய்வரும் ஓர் அம்மாளுக்கு முன்கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை தோன்றி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது மேலேறிக் கீழிறங்கலாயிற்று. வெள்ளி அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் சமவெளிக்குப் போய் ஒரு வைத்தியரிடம் காட்டினார். "எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சொல்லி, சஸ்திர சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். எடுத்தபின் தெரிந்துகொள்வதற்கும் தெரிந்துகொண்டு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஏழைப் பெண்ணின் ஆயுள் முழுவதையும் தொடுகிறதே என்ற விசாரத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

இத்தகைய தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை புற்றல்ல. ஆனால் தைராய்டுச் சுரப்பியை ஒட்டியே குரலை ஆளும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அதன் பின்புறத்தில், ரத்தத்தின் கால்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகள் பதுங்கியிருக்கின்றன. சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால், தினந்தோறும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியே காலம் தள்ள வேண்டும். புற்று இருந்தால் இவ்வளவும் தாங்கத் தக்கதே. இல்லாதவருக்கு ஏன் இந்தத் தண்டனை?

முதலில் ஊசியால் கட்டியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். "ஊசி குத்தினா கட்டி உடம்பெல்லாம் பரவிடுமாமே, ஐயா?" என்று அந்த அம்மாள் கேட்டார். மலையிலும் சமவெளியிலும் வேரோடியிருக்கும் இந்தப் பயத்துக்கு ஆதாரம் அநேகமாக இல்லை. வேறோர் ஆஸ்பத்திரிக்கு அவருடன் நானும் போனேன். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்கவைத்து, "விழுங்காதீங்கம்மா" என்று சொல்லி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியைச் செலுத்தினார்கள். கட்டியின் கருமை, ஓரத்தின் ஒழுங்கின்மை, அகலத்தைவிட உயரம் மிகுதல், உள்ளே பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் ஆகிய அறிகுறிகளைக் கொண்டு சந்தேகத்தின் அளவைக் கணிப்பது ஸ்கேன். உள்ளிருக்கும் அணுக்களையே கண்ணாடித் தகட்டில் கொண்டுவந்து காட்டுவது ஊசி. தகட்டைப் படிப்பவர் பெத்தெஸ்டா முறைப்படி ஆறு வகுப்புகளில் ஒன்றைக் குறிப்பார். இரண்டாம் வகுப்பில் புற்றுக்கு வாய்ப்பு நூற்றுக்கு நாலளவு; ஆறாவதில் தொண்ணூற்றேழளவு. நம் அம்மாளுக்கு வந்தது இரண்டு. குறித்த நாளில் அவர் ஆபரேஷனுக்குப் போகவில்லை, பூண்டு கட்டப் போனார். இனி அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊசி சர்வக்ஞன் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபாலிக்குலர் என்ற வகைக் கட்டி தன் உறையைத் துளைத்து வெளியேறியிருக்கிறதா என்பதே அது புற்றா அல்லவா என்பதைத் தீர்மானிக்கிறது. உறிஞ்சி எடுத்த அணுக்களில் உறை எங்கே இருக்கும்? அங்கே பாதிச் சுரப்பியை எடுத்துச் சோதிப்பதே நேர்மையான வழி. எனவே, "எடுத்துப் பார்ப்போம்" என்ற சொல் எப்போதும் பிழையன்று. ஊசிக்கு முன்பாக வரும்போதுதான் பிழை.

கட்டியே இல்லாதவர் கழுத்தையெல்லாம் ஸ்கேன் செய்யும்படி நான் கேட்கவில்லை. அப்படிச் செய்த தென் கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டுப் புற்று என்று கண்டறியப்பட்டவர் விகிதம் பதினைந்து மடங்காயிற்று. மரண விகிதமோ அசையவேயில்லை. கையில் தட்டுப்படும் கட்டியோடு வருகிறவருக்கு, வாரம் ஒரு நாளாவது கொடைக்கானல் மலையிலேயே ஸ்கேனும் ஊசியும் கிடைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். தகட்டைப் படிக்கும் நிபுணர் மலையேறி வர வேண்டியதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, வாந்தியெடுத்துக்கொண்டு ரோகி இறங்கவும் வேண்டியதில்லை. ஆல்கஹாலில் நனைத்து உலர்த்திய நாலு கண்ணாடித் தகடுகள், ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கி, காலை பஸ்ஸில் சமவெளியிலுள்ள வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடும்.