படுத்த படுக்கையில் ஓர் உத்தியோகம்!

டோக்கியோ நகரில் ஒரு காபிக் கடை இருக்கிறது. நிகோன்பாஷி என்ற வியாபாரப் பகுதியில் அந்தக் கடை உள்ளது.

உள்ளே போய் உட்கார்ந்தால், மேஜை மேல் ஒரு வெள்ளைப் பொம்மை இருக்கும். உயரம் ஒரு சாண். அது தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும். கையைத் தூக்கி வணக்கம் சொல்லும். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும். எந்த ஊரில் இருந்து வருகிறீர்கள் என்று விசாரிக்கும்.

யந்திரம் பேசுகிறது என்று நினைத்தால் அது தவறு. பேசுவது ஒரு மனிதர். அவர் அந்தக் கடையில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரால் எழுந்து நிற்க முடியாது. சிலரால் கையைக் கூட அசைக்க முடியாது. ஆனாலும் அவர்தான் உங்களுக்குக் காபி கொடுக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறார்.

எப்படி நடக்கிறது?

பொம்மையின் நெற்றியில் ஒரு சின்னக் காமிரா உண்டு. காது போல ஒலி வாங்கியும், வாய் போல ஒலி பெருக்கியும் உண்டு. கடையில் நடப்பது எல்லாம் இண்டர்நெட் வழியாகப் படுக்கையில் இருப்பவரின் திரைக்குப் போகிறது. அவர் அதைப் பார்த்துப் பேசுகிறார். அவர் பேசுவது பொம்மையின் வாயில் கேட்கிறது.

விரல் அசைந்தால் விரலால் இயக்கலாம். விரலும் அசையாதவர் என்ன செய்வார்? கண்ணால் இயக்குவார். திரையில் எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ, அந்த எழுத்தை யந்திரம் கண்டுபிடித்துக் கொள்ளும். எழுத்துகள் சேர்ந்து சொல் ஆகும். சொல்லை யந்திரம் படித்துச் சொல்லும்.

சின்னப் பொம்மை பேச மட்டுமே செய்யும். தட்டைத் தூக்கி வருவது அதன் அண்ணன்! அதன் உயரம் 4 அடி. சக்கரத்தில் உருண்டு வரும். அதையும் படுக்கையில் இருப்பவரே ஓட்டுகிறார். ஆகவே இவர்களுக்கு அங்கே "பைலட்" என்று பெயர். விமானம் ஓட்டுபவருக்கு உள்ள அதே பெயர்.

பொம்மையின் பெயர் "ஒரிஹிமே". இது ஜப்பானியர் கதைகளில் வரும் நெசவுக்கார இளவரசியின் பெயர். வானத்தில் அபிஜித் நட்சத்திரம்தான் அவள். அவளுடைய கணவன் திருவோண நட்சத்திரம். நடுவில் ஆகாய கங்கை ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள்தான் அவர்கள் சந்திக்கலாம். தூரத்தில் இருப்பவர்களைச் சேர்த்து வைக்கும் பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பள்ளிக்குப் போகாத பையன்

இந்தப் பொம்மையைச் செய்தவர் கெண்டாரோ யோஷிஃபுஜி. 1987-ல் பிறந்தவர். சிறு வயதில் உடல் நலம் கெட்டு, பிறகு மனமும் சோர்ந்து, மூன்றரை ஆண்டுகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். அப்போது அவருக்குத் துணை காகிதம்தான். காகிதத்தை மடித்து மடித்துப் பறவையும் பூவும் செய்வார்.

"உடம்பு இங்கே கிடந்தால் என்ன? நான் மட்டும் பள்ளிக்குப் போய் வர முடியாதா?" என்ற எண்ணம் அந்த நாளில் பிறந்தது. 2012-ல் அவர் "ஓரி லேப்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

அவரைத் தேடி வந்த முக்கியமான மனிதர் யூட்டா பண்டா. நான்கு வயதில் கார் விபத்து. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் படுக்கை. தாடையால் கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக் கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொண்டே இருந்தார். அதில் ஒன்று யோஷிஃபுஜிக்குப் போய்ச் சேர்ந்தது.

பண்டா இருந்தது மோரியோகா நகரம். டோக்கியோவில் இருந்து சுமார் 500 கிலோ மீட்டர். அங்கிருந்தபடியே பொம்மை மூலம் அவர் யோஷிஃபுஜியின் காரியதரிசி ஆனார்! கூட்டங்களுக்கு நேரம் குறித்தார். பார்க்க வந்தவர்களுடன் பேசினார்.

"காரியதரிசி என்றால் காபி கொண்டு வந்து தர வேண்டாமா?" என்று ஒரு நாள் யோஷிஃபுஜி கேலி செய்தார். "அப்படியானால் காபி தூக்குகிற உடம்பு ஒன்றைச் செய்து கொடுங்கள்" என்பது பண்டாவின் பதில். 4 அடிப் பொம்மை பிறந்த கதை இதுதான். அது காபி தூக்கியதைப் பார்க்கப் பண்டா இல்லை. 2017-ல், 28 வயதில், அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பரில், டோக்கியோவின் அகசாகா பகுதியில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு சோதனைக் கடை திறந்தார்கள். பத்துப் பேர் வீட்டில் இருந்து வேலை பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 1,000 யென் கூலி. அப்போது டோக்கியோவில் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 985 யென். அதாவது, கடையில் நின்று வேலை பார்க்கும் ஒரு சாதாரண ஆளுக்கு என்ன கூலியோ, அதுவே இவர்களுக்கும். இது இரக்கப்பட்டுக் கொடுத்த பணம் அல்ல.

நிரந்தரமான கடை 2021 ஜூனில் திறந்தது. ஒரு காலத்தில் காபிக் கலைஞராக இருந்து, பிறகு நோயால் உடல் முடங்கிப் போன ஒரு பெண்மணி, யந்திரக் கைகளைக் கொண்டு மறுபடியும் காபி தயாரித்தார். இதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. நெகிழ்ந்ததோடு நின்றுவிட்டால் இந்த விஷயத்தில் பாதிதான் புரியும். மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது.

அரை மனிதர்!

ஜப்பானில் உடல் ஊனமுற்றோருக்கு வேலை கொடுக்க 1960-லேயே சட்டம் வந்தது. அது முதலில் வெறும் வேண்டுகோள். 1976-ல் கட்டாயம் ஆயிற்று. மனநோய் உள்ளவர்களையும் 2018-ல் கணக்கில் சேர்த்தார்கள்.

2024 ஏப்ரல் முதல், தனியார் கம்பெனிகளில் 100-க்கு 2.5 பேர் ஊனமுற்றோராக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதாவது 40 பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர். 2026 ஜூலையில் இதை 2.7 ஆக உயர்த்துவது என்றும் அப்போதே முடிவு செய்து விட்டார்கள். நூறு பேருக்கு மேல் உள்ள கம்பெனி இந்த ஆட்களைச் சேர்க்காவிட்டால், குறையும் ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும்.

2024 ஜூன் கணக்குப்படி, தனியார் கம்பெனிகளில் வேலையில் இருந்த ஊனமுற்றோர் 6 லட்சத்து 77 ஆயிரத்து 461 பேரும் ஓர் அரையும்!

அரை மனிதர் எப்படி வந்தார்? வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல், ஆனால் 30-க்குள் வேலை பார்ப்பவர் பொதுவாக அரை ஆள். கடுமையான உடல் ஊனம் உள்ளவர் முழு நேரம் பார்த்தால் இரண்டு ஆள். கணக்கு அப்படி!

அதே கணக்கெடுப்பில், சட்டம் கேட்ட அளவை எட்டிய கம்பெனிகள் 100-க்கு 46 தான். பாதிக்கு மேல் எட்டவில்லை. சதவீதத்தை உயர்த்திய ஆண்டு அது என்பதும் ஒரு காரணம்.

படுக்கையில் இருப்பவருக்கு இந்தச் சட்டத்தால் நெடுங்காலம் பலன் இல்லை. அவரால் நாளுக்கு இரண்டு மணி நேரம் வேலை பார்க்க முடியும். வாரத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ மணி நேரம். 20 மணிக்குக் குறைந்தால் அவர் கணக்கிலேயே வர மாட்டார். கணக்கில் வராதவரை எந்த முதலாளி தேடிப் போவார்? 2024 ஏப்ரலில்தான் இந்த விதியைத் தளர்த்தினார்கள். கடுமையான ஊனம் உள்ளவர் வாரத்தில் 10 மணி நேரம் வேலை பார்த்தாலும் இனி அரை ஆள்.

அரை ஆள்தானே என்று நினைக்க வேண்டாம். அதுவரை அவர் பூஜ்யம்.

சர்க்காரின் பொய்க் கணக்கு

சட்டம் போட்ட சர்க்கார் சட்டத்தைக் காப்பாற்றியதா? இல்லை!

2018 ஆகஸ்டில் ஒரு பெரிய அவமானம் வெளிவந்தது. ஜப்பானிய மத்திய சர்க்காரின் 33 அலுவலகங்களில் 27 அலுவலகங்கள் கணக்கை ஊதிக் காட்டியிருந்தன. ஊனமுற்றோர் அல்லாதவர்களை ஊனமுற்றோர் என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்படிச் சேர்த்த பெயர்கள் சுமார் 3,460. கம்பெனிகளிடம் பணம் வசூல் செய்த சர்க்கார் தன் வீட்டில் பொய் எழுதிக் கொண்டிருந்தது. மந்திரிகள் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதன் பிறகு ஆள் சேர்க்கும் வேகம் கூடியது. 2020-ல் கொரோனா வந்தது. உடல் நலம் உள்ளவர்களே வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தார்கள். "வீட்டில் இருந்து வேலையா? நடக்காத காரியம்" என்று ஊனமுற்றோரிடம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்கள், அது நடப்பதைத் தங்கள் வீட்டிலேயே கண்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் "மாஸ் பர்கர்" என்ற பலகாரக் கடை, டோக்கியோவில் ஓர் இடத்தில் பொம்மை மூலம் ஆர்டர் வாங்கிப் பார்த்தது. காபிக் கடையில் பழகிய பைலட்டுகளை வேறு கம்பெனிகள் கேட்டு வாங்கிக் கொள்வதும் நடக்கிறது. கடையின் உண்மையான நோக்கமே அதுதான். சில டஜன் பேருக்கு வேலை தரும் ஒரு கடையால் ஒரு நாட்டின் குறை தீராது.

வேலை பார்த்தால் உதவி நிற்கும்!

இனித்தான் சிக்கலான இடம். பொம்மையும் இருக்கிறது. கம்பெனியும் தயார். ஆனாலும் ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் நிற்கிறார். ஏன் தெரியுமா?

உடல் முழுதும் அசையாதவருக்கு எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தொண்டையில் சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். மூச்சு யந்திரத்தின் குழாய் விலகினால் மாட்ட வேண்டும். புண் வராமல் உடம்பைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இந்த உதவியாளரின் சம்பளத்தை ஜப்பானில் சர்க்கார் கொடுக்கிறது. மெச்ச வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது. வேலை பார்த்துச் சம்பாதிக்கும் நேரத்துக்கு அந்தப் பணம் கிடையாது!

தன் வீட்டில், தன் கட்டிலில் படுத்து வேலை பார்த்தாலும் கிடையாது. சும்மா படுத்திருந்தால் உதவியாளர் உண்டு. இரண்டு மணி நேரம் சம்பாதித்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு உதவியாளர் இல்லை. சம்பாதிக்கும்போது தேவைப்படும் உதவியை முதலாளி பார்த்துக் கொள்ளட்டும் என்பது சர்க்கார் கூறும் நியாயம். கணக்குப் பிள்ளைக்கு இது நியாயமாகத் தோன்றலாம். சளி அடைக்கும் தொண்டைக்கு அது தெரியுமா?

இந்த விதி 2019-ல் பார்லிமெண்டு வாசலுக்கே வந்து நின்றது. அந்த ஆண்டு ஜூலைத் தேர்தலில் யசுஹிகோ ஃபுனாகோ, எய்கோ கிமுரா என்ற இருவர் மேல் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஃபுனாகோவுக்கு ஏ.எல்.எஸ். நோய். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். கிமுரா அம்மையாரும் சக்கர நாற்காலியில் வாழ்பவர். சபையில் நாற்காலிகளைப் பெயர்த்து எடுத்து, இவர்களுடைய வண்டிகளுக்கு இடம் செய்தார்கள்.

ஆனால் எம்.பி. பதவியும் ஓர் உத்தியோகம் அல்லவா? சபைக்குள் நுழைந்தால் உதவியாளர் பணம் நின்றுவிடும்! "இப்படி இருந்தால் சபைக்கு வர முடியாது" என்று இருவரும் வாதாடினார்கள். கடைசியில், செலவை மேல் சபையே ஏற்பது என்று தீர்மானம் ஆயிற்று.

எம்.பி.க்குச் சபை கொடுத்தது. மற்றவர்களுக்கு யார் கொடுப்பது? அந்தக் கேள்வியை இருவரும் விடவில்லை. 2020 அக்டோபரில் ஒரு புதுத் திட்டம் வந்தது. முதலாளிக்கு உதவித் தொகை கொடுத்து ஒரு பகுதி, நகராட்சி மூலம் ஒரு பகுதி என்று உதவியாளர் செலவைப் பிரித்தார்கள். பழைய விதியை எடுக்கவில்லை. அதைச் சுற்றிப் போக ஒரு சந்து வெட்டினார்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டில் இருந்து வேலை என்பது, ஊனமுற்றோரை ஆபீசில் கண்ணில் படாமல் வைக்க ஒரு சாக்கு ஆகிவிடாதா? பயம் வீண் அல்ல. எங்கோ வாடகைக்குத் தோட்டம் எடுத்து, அதில் ஊனமுற்றோரைச் சேர்த்து, சட்டக் கணக்கை மட்டும் நிரப்பிக் கொள்ளும் கம்பெனிகள் ஜப்பானில் உண்டு. விளையும் கீரையால் அவர்களுக்கு வியாபாரம் இல்லை. கணக்கில் ஆள் இருந்தால் போதும்.

காபிக் கடை அந்த வகை அல்ல. அங்கே பைலட் இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. வருகிறவர் அவருடன் பேசத்தான் வருகிறார். வேலை கொடுக்கும் கம்பெனி உண்மையானதா, வெறும் கணக்கா என்று பார்க்க இது ஒரு நல்ல அளவுகோல்: அந்த ஆள் ஒரு நாள் வரவில்லை என்றால் யாராவது தேடுவார்களா?

புதுத் திட்டத்துக்கு வருவோம். அதை நடத்துவதும் நடத்தாததும் அந்தந்த நகராட்சியின் விருப்பம். ஒரு நகரத்தில் உண்டு. அடுத்த நகரத்தில் இல்லை. ஒரே நோய், ஒரே பொம்மை, ஒரே கம்பெனி. ஒருவருக்கு வேலை நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்கிறார். மற்றவர் வீட்டில், அந்த இரண்டு மணி நேரமும் வயதான தாயார் தன் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.